மலையகச் சொற்களை எண்ணும் ஒரு சிறு நிரல்

மலையக எழுத்தாளர் என். எஸ். எம். ராமையாவின் புகழ்பெற்ற சிறுகதை ‘ஒரு கூடைக் கொழுந்து’. இந்தத் தலைப்பில் எத்தனை சொற்கள் என்று ஹட்டனில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் மூன்று என்று சொல்லிவிடும். பைதன் மொழியில் சொற்களைப் பிரிப்பதற்குப் பாடங்களில் வழக்கமாகக் காட்டும் குறியைக் கொண்டு அதே தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். எட்டுத் துண்டுகள் வரும்: ஒர, க, ட, க, க, ழ, ந, த. இவற்றுள் அதிகம் வந்த சொல் எது என்று கேட்டால், ‘க’, மூன்று முறை என்று விடை வரும். கூடையும் இல்லை, கொழுந்தும் இல்லை.

இலங்கையில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் மாணவர்கள் பைதன் கற்கிறார்கள். ஒரு கோப்பைத் திறந்து, அதிலுள்ள சொற்களில் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டுவது, நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் முதற்பயிற்சிகளில் ஒன்று. மாதிரிக் கோப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பத்து வரியில் நிரல் முடியும், விடையும் சரியாக வரும், மாணவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். தமிழ்க் கோப்பைக் கொடுத்தால்தான் எழுத்து எது, சொல் எது என்பதைக் கணினிக்கு நாம் சொல்லித்தர வேண்டியிருப்பது தெரியும். தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் நிரல் கற்கும் பிள்ளைகள் தங்கள் முதல் கோப்பாக மலையகத் தமிழையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பயிற்சி ஆழமாகும். அதைவிட, அந்த எண்ணிக்கை இதுவரை யாரும் எண்ணாத ஒன்றாக இருக்கக்கூடும்.

இந்தப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. கணினிக்கு முன்பே ஜெர்மனியில் கேடிங் என்பவர் சுருக்கெழுத்தைச் செம்மைப்படுத்துவதற்காக, பெருந்தொகையான உதவியாளர்களைக் கொண்டு ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் சொற்களைக் கையால் எண்ணச் செய்து 1898இல் வெளியிட்டார். கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய ‘சி’ மொழி நூலில் சொல் எண்ணும் நிரல் ஒரு முக்கிய எடுத்துக்காட்டு. 1986இல் டொனால்ட் க்னூத் இதே வேலைக்குப் பல பக்கம் நீளும் நிரல் ஒன்றை விளக்கத்தோடு எழுதினார். அதை மதிப்பிட்ட டக் மெக்கில்ராய், ஆறு யூனிக்ஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். கணினித் துறையில் இன்றும் வியந்து பேசப்படும் ஆறு வரிகள் அவை. அவற்றுள் முதல் வரி, ஆங்கில நெடுங்கணக்கில் ஏ முதல் இசட் வரை இல்லாத எதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வரியை உடை என்கிறது. தமிழ்க் கோப்பைக் கொடுத்தால் சொல் ஒன்றுகூட மிஞ்சாது. அந்தக் காலத்துக் கணினிக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் எழுத்தென்றால் இன்னதுதான் என்ற அந்த எண்ணம் பின்னால் வந்த கருவிகளுக்குள்ளும் வேறு வேறு வடிவில் தங்கிவிட்டது.

நிரலின் உள்வேலை மிக எளிது. கொழுந்து மடுவத்தில் நடப்பதுதான் அது. மலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூடையோடு வருகிறார்கள். கணக்கப்பிள்ளை நிறுத்து, அவரவர் பேருக்கு நேரே கிலோவைப் பதிகிறார். காலையில் வந்தவரே மத்தியானமும் வந்தால் புதிய வரி எழுதுவதில்லை, இருக்கிற கணக்கோடு கூட்டிக்கொள்கிறார். இன்றைக்குத்தான் வேலைக்கு வந்த புதியவர் என்றால் பேரை எழுதித் தொடங்குகிறார். சொல் எண்ணும் நிரலும் இப்படித்தான்:

ஒவ்வொரு சொல்லாக எடு.
அது பட்டியலில் இருந்தால், அதன் எண்ணிக்கையோடு 1 கூட்டு.
இல்லாவிட்டால், சொல்லை எழுதி எதிரே 1 போடு.
முடிந்ததும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வரிசைப்படுத்து.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியலை மேலிருந்து கீழாகத் தேடினால், ஒரு லட்சம் சொற்கள் உள்ள கோப்புக்குக் கோடிக்கணக்கான ஒப்பீடுகள் தேவைப்படும். பைதனில் ‘அகராதி’ எனப்படும் அமைப்பு அப்படித் தேடுவதில்லை. சொல்லின் எழுத்துகளிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே போகிறது. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கம் இருந்தால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை அல்லவா, அதுபோல. வேறுபாடு என்னவென்றால், இங்கே இலக்கத்தை யாரும் கொடுப்பதில்லை, பேரிலிருந்தே அது பிறக்கிறது. இரண்டு சொற்களுக்கு ஒரே இடம் வாய்த்துவிட்டால் ஒன்றை வேறோர் இடத்தில் வைக்கும் ஏற்பாடும் உள்ளே உண்டு. பட்டியல் எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் நேரம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இனி, ‘கொழுந்து’ ஏன் உடைந்தது?

நமக்குக் கொழுந்து நான்கு எழுத்து: கொ, ழு, ந், து. யுனிகோடு முறையில் அது எட்டுக் குறிகள்: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும், ஆகவே கோப்பில் இந்தச் சொல் 24 பைட். நான்கு, எட்டு, இருபத்துநான்கு ஆகிய மூன்றும் சரியான விடைகளே. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. தொடக்கத்தில் தலைப்பைப் பிரித்த, ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் பைதன் குறி, உயிரெழுத்தையும் அகரமேறிய மெய்யையும் எழுத்தாக ஏற்கிறது. கால், கொம்பு, புள்ளி போன்றவற்றை யுனிகோடு அட்டவணை ‘சேர்ப்புக் குறி’ என்ற வேறு வகையில் வைத்திருப்பதால் அவற்றை ஏற்பதில்லை. ஏற்காத இடத்தில் சொல் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கொம்பும் ஒவ்வொரு புள்ளியும் கத்தியாகிவிடுகின்றன.

தீர்வு சிறியது. தமிழுக்கு யுனிகோடில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த எல்லைக்குள் வரும் குறிகள் தொடர்ந்து வரும்வரை ஒரே சொல் என்று நிரலுக்குச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் ராமையாவின் தலைப்பு மூன்று சொல்லாகவே வரும். வெறும் இடைவெளியை வைத்துப் பிரித்தாலும் சொல் உடையாதுதான். ஆனால் அப்போது ‘கொழுந்து’ ஒரு சொல்லாகவும், காற்புள்ளி ஒட்டிய ‘கொழுந்து,’ இன்னொரு சொல்லாகவும் எண்ணப்படும்.

இன்னொரு பொறி கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள், ஒன்று எட்டுக் குறி, மற்றது ஒன்பது. வேறு வேறு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த கோப்புகளைச் சேர்த்து எண்ணினால் ‘கொழுந்து’ பட்டியலில் இரண்டு வரியில் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் திகைப்பார்கள். எண்ணத் தொடங்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘இயல்பாக்கல்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால் இது தீரும். கோப்பைத் திறக்கும்போதே அது யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுவதும் கட்டாயம். விண்டோஸ் கணினிகளில் அதை விட்டுவிட்டால் பைதன் வேறு குறியாக்கமென்று எண்ணிக்கொண்டு, பிழை காட்டும் அல்லது புரியாத குறிகளைக் கொட்டும்.

இலங்கையில் பாமினி எழுத்துருவை மறந்துவிட முடியாது. பல ஆண்டுகளாகப் பாடசாலை வினாத்தாள், கோயில் துண்டுப்பிரசுரம், சங்க அறிக்கை என்று எத்தனையோ அதில்தான் தட்டச்சாயின. அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி. ஆங்கிலப் பயிற்சியில் வழக்கமாகச் செய்வதுபோல் நிறுத்தக்குறிகளை நீக்கினால் எல்லா மெய்யும் போய்விடும். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கினால் ‘து’ எல்லாம் ‘த’ ஆகிவிடும், ஏனெனில் பாமினியில் சிறிய ‘ஜே’ தகரம், பெரிய ‘ஜே’ துகரம். ஆங்கிலத்துக்குச் சுத்தம் செய்கிற அதே இரண்டு படிகள் பாமினித் தமிழை அழித்துவிடுகின்றன. இத்தகைய கோப்பை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

எதை எண்ணுவது? மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். தெளிவத்தை ஜோசப்பும் ராமையாவும் லயத்துப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் மலையக நூல்களும் சஞ்சிகைகளும் பெருமளவில் ஏற்றப்பட்டுள்ளன. ஆனால் அங்கிருப்பவற்றில் பெரும்பகுதி பக்கங்களின் படங்கள். படத்தில் உள்ள சொல்லை நிரலால் எண்ண முடியாது. எழுத்துணரி கொண்டு எழுத்தாக்க வேண்டும், எழுத்துணரியோ காலையும் ரகரத்தையும் மாற்றிப் படிக்கும். இங்கே நிரலுக்கு ஒரு நல்ல சோதனை வைக்கலாம். யுனிகோடு வரிசையில் எந்தத் தமிழ்ச் சொல்லும் காலிலோ கொம்பிலோ புள்ளியிலோ தொடங்காது. அப்படித் தொடங்கும் ‘சொற்களை’ மட்டும் தனியே அச்சிடச் சொன்னால், எழுத்துணரி சறுக்கிய இடங்களில் பல உடனே அகப்படும்.

தொடக்கத்துக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வீட்டில் அம்மாயி பாடும் தாலாட்டையோ, காமன் கூத்துக் காலத்தில் கேட்ட பாட்டையோ கைபேசியில் பதிந்து, கேட்டபடியே தட்டச்சு செய்தால் சில நூறு சொற்கள் கிடைக்கும். அதுவே போதுமான கோப்பு. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது மட்டும் விதி. ‘போறோம்’ என்று பாடினால் ‘போகிறோம்’ என்று திருத்திவிடக் கூடாது.

நிரலை ஓட்டினால் பட்டியலின் உச்சியில் வருபவை ‘ஒரு’, ‘என்று’, ‘அந்த’, ‘நான்’ போன்ற சொற்கள். இதில் மலையகம் என்று எதுவும் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கதையிலும் சென்னை நாளிதழிலும் இவைதான் மேலே இருக்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஜிப்ஃப் 1930களிலும் 40களிலும் விரிவாகக் காட்டிய ஒழுங்கு இது. மிகச் சில சொற்கள் மிக அதிகம் வரும், மிகப் பல சொற்கள் ஓரிரு முறையே வரும். இரண்டாம் இடத்துச் சொல் முதற்சொல்லின் ஏறத்தாழ அரைப்பங்கு, மூன்றாம் இடத்துச் சொல் மூன்றிலொரு பங்கு என்று எண்கள் இறங்கும். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொகுத்த பத்து லட்சம் ஆங்கிலச் சொற்களில் ‘தி’ மட்டும் ஏறத்தாழ 7 விழுக்காடு. தமிழில் எந்த ஒரு சொல்லுக்கும் அவ்வளவு பெரிய பங்கு கிடைப்பதில்லை. ஆங்கிலம் தனிச் சிறு சொற்களால் செய்யும் வேலையைத் தமிழ் உருபுகளாகச் சொல்லோடு ஒட்டிவிடுகிறது.

ஒட்டிவிடுவதால் எண்ணிக்கையும் சிதறுகிறது. கொழுந்து, கொழுந்தை, கொழுந்துக்கு, கொழுந்தும், கொழுந்தெடுக்க, கொழுந்தெடுத்தவள் எல்லாம் பட்டியலில் தனித்தனி வரி. ராமையாவின் தலைப்பில் உள்ள ‘கூடைக்’ வல்லினம் மிகுந்ததால் ‘கூடை’ என்பதோடு சேராது. ‘தேயிலைத் தோட்டம்’ என்று பிரித்து எழுதினால் இரண்டு சொல், சேர்த்து எழுதினால் ஒன்று. ஊர்ப்பெயரே ஹட்டன், அட்டன் என இரண்டு வடிவில் எழுதப்படுகிறது. லயம், லயன், லைன் மூன்றும் அச்சில் உண்டு. காலை வேலைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் பிரட்டும் பெரட்டும் உண்டு. மிகும் வல்லினத்தைக் கழிப்பது எளிது: சொல்லின் கடைசியில் க், ச், த், ப் ஒன்று வந்தால் வெட்டிவிடலாம், ஏனெனில் தமிழ்ச் சொற்கள் இயல்பாக இந்த நான்கு மெய்களில் முடிவதில்லை. உருபுகளை வெட்டுவது அவ்வளவு எளிதல்ல. தமிழுக்கென்று வேர்ச்சொல் காணும் நிரல்கள் இருக்கின்றன. பல மொழிகளுக்கானவற்றை ஒன்றாகத் தரும் ஸ்னோபால் தொகுப்பிலும் தமிழ் உண்டு. ஆனால் அவை எழுத்துத் தமிழின் விகுதிகளை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ‘எடுக்கிறாங்க’, ‘வந்திருச்சி’ போன்ற பேச்சு வடிவங்களைக் கண்டால் தப்பான இடத்தில் வெட்டும், அல்லது தொடாமல் விட்டுவிடும். எனவே முதல் எண்ணிக்கையை எதையும் வெட்டாமல் எடுத்துப் பாருங்கள் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்வேன். சிதறல் தெரியட்டும். எந்தச் சொல் எந்தெந்த வடிவில் வருகிறது என்ற பட்டியலே மொழியைப் பற்றிய தகவல்.

பட்டியலின் அடிப்பகுதிதான் எனக்கு அரியது. பொதுவாக ஒரு கோப்பில் உள்ள வெவ்வேறு சொற்களில் பாதியளவு ஒரே ஒரு முறை வருபவை. பாடங்களில் அவற்றைப் பயனற்றவை என்று கழிக்கச் சொல்வார்கள். மலையகத் தமிழில் கவ்வாத்து, கொந்தரப்பு, படங்கு, காம்பரா, இஸ்தோப்பு, தவறணை, கைக்காசு போன்ற சொற்கள் அங்கேதான், தட்டச்சுப் பிழைகளுக்கு நடுவில் கிடக்கும். கழித்தால் இவையும் போகும். மனிதக் கண் ஒன்று அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்தாக வேண்டும், அதுவும் தோட்டத்துப் பேச்சு தெரிந்த கண். கொழும்பில் அமர்ந்து எண்ணுகிறவருக்குப் ‘படங்கு’ பிழையாகத் தெரியலாம். கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படித் தெரியாது.

அடியில் கிடப்பதை மேலே கொண்டுவர ஒரு வழி, இரண்டு கோப்புகளை ஒப்பிடுவது. தோட்டக் கதைகளைத் தொகுத்த கோப்பு ஒன்றில் 40,000 சொற்கள் இருக்கின்றன, அதில் ‘பிரட்டு’ 12 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவான செய்திகளைத் தொகுத்த கோப்பில் 2,00,000 சொற்கள், அதில் 2 முறை. நேரே 12ஐயும் 2ஐயும் ஒப்பிடக் கூடாது, கோப்புகளின் அளவு வேறு. பத்தாயிரம் சொல்லுக்கு எத்தனை என்று மாற்றினால் முதலாவது 3, இரண்டாவது 0.1. முப்பது மடங்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த மடங்கைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினால் ‘ஒரு’வும் ‘என்று’ம் கீழே போய்விடும், தோட்டத்துக்கே உரிய சொற்கள் மேலே ஏறும். இரண்டாவது கோப்பில் இல்லவே இல்லாத சொல்லுக்குப் பூச்சியத்தால் வகுக்க நேரும் என்பதால் எல்லா எண்ணிக்கையோடும் 1 கூட்டிக்கொள்வது வழக்கம். பாடல்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. திரும்பத் திரும்பப் பாடப்படும் அடி ஒன்று ஒரு சொல்லைப் பத்து முறை ஏற்றிவிடும். ஆகவே எத்தனை முறை வந்தது என்பதோடு, எத்தனை பாடல்களில் வந்தது என்றும் எண்ண வேண்டும்.

காலத்தையும் இப்படித் தேடலாம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முன் மலைநாடு கோப்பிக் காடு. இலைநோய் கோப்பியை அழித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பிறகும் வாய்மொழிப் பாடல்களில் கோப்பி வருகிறது. எந்தப் பாடல்களில் வருகிறது, அதன் அருகே எந்த ஊர்ப் பெயர்கள், எந்த வேலைச் சொற்கள் வருகின்றன என்று நிரல் சில நொடிகளில் எடுத்துத் தரும். இந்தப் பாடல்களைப் பாடிய மலையக மக்களை எண்ணியவர்கள் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்போம் என்று பிரித்தது. ஆட்களைத் தலைக்கணக்காக எண்ணிய அளவுக்கு அவர்கள் பேசிய சொற்களை யாரும் எண்ணவில்லை. அந்த வேலையை அவர்களின் பேரப்பிள்ளைகளே செய்யும் வசதி இன்று ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதாத இடமும் வரும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளின் பெயர், ஒரு நாள் வேலைக்கான பதிவும் அதுவே. ‘மலை’ மலையும்தான், இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் தேயிலைப் பகுதியும்தான். நிரல் இரண்டையும் ஒன்றாகவே கூட்டும். இதற்குத் தமிழ் ஆய்வில் பழைய மருந்து உண்டு: சொல்லடைவு. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. தாமஸ் லேமனும் தாமஸ் மால்ட்டனும் சங்க இலக்கியத்துக்குக் கணினி வழியாகச் செய்த சொல்லடைவு 1990களின் தொடக்கத்தில் வந்தது. எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று இடத்தையும் சேர்த்துத் தருபவை அவை. நம் சிறு நிரலிலும், எண்ணிக்கைக்குப் பதிலாகச் சொல் வந்த வரி இலக்கங்களைப் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போனால் சொல்லடைவு தயார். அதற்கு மாற்ற வேண்டியது இரண்டே வரி. ஒவ்வோர் இடத்திலும் முன்னால் ஐந்து சொல், பின்னால் ஐந்து சொல் சேர்த்து அச்சிட்டால், இந்தப் ‘பேர்’ எந்தப் பேர் என்பதைப் படிப்பவரே பிரித்துவிடலாம்.

அச்சிடும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் பைதன் யுனிகோடு எண் வரிசையைத்தான் பின்பற்றும். அந்த அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், வகரத்துக்கு முன்னால் ளகரமும் ழகரமும், ககரத்தின் எல்லா உயிர்மெய்க்கும் பிறகு ‘க்’. நம் அகராதி வரிசை அதுவல்ல. க், க, கா என்று தொடங்கி ழ, ள, ற, ன என்று முடியும் வரிசையை நிரலுக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு மெய்களையும் பன்னிரண்டு உயிர்களையும் முறையாக எண்ணிட்ட ஒரு சிறு அட்டவணை போதும். ஜ, ஸ, ஷ, ஹ நான்கையும் எங்கே வைப்பது என்று வகுப்பில் கேள்வி எழும். தமிழ் அகராதிகள் பலவற்றில் அவை னகரத்துக்குப் பின்னால் வருகின்றன. ஹட்டனை அங்கே தேடலாம்.